"ஆள் கேட்டு டைப் செய்தது" என்று சொல்லிக் கொடுத்த எழுத்தாக்கம்: மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒலிப்பதிவைக் கேட்டு வேர்டு கோப்பாக டைப் செய்து தருகிறோம் என்ற ஒரு சேவையிடம் நேர்காணல் ஒன்றைக் கொடுத்தோம். மொத்தம் 3 மணி 10 நிமிடம். இரண்டு பேர் பேசுகிறார்கள், முழுக்கப் பேச்சுத் தமிழ். மென்பொருள் இல்லை, ஆட்களே கேட்டு டைப் செய்வார்கள், 100க்கு 99 சரியாக இருக்கும் என்பது அவர்கள் தந்த வாக்கு. கூலி சொல் கணக்கில், பாதி முன்பணம். வந்து சேர்ந்தது மென்பொருள் துப்பியதை அப்படியே ஒட்டிய கோப்பு. எப்படிக் கண்டுபிடித்தோம், நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதல் அடையாளம் வேகம். தெளிவான பதிவாக இருந்தாலும் 1 மணி நேரப் பேச்சை டைப் செய்யப் பழகிய கைக்கே ஏறத்தாழ 4 மணி நேரம் வேண்டும். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டால் 6 மணி நேரத்துக்கும் மேல் போகும். அந்தக் கணக்கில் இந்த வேலைக்குக் குறைந்தது 12 மணி நேரம், பிறகு ஒருமுறை முழுதாகக் கேட்டுச் சரிபார்க்க இன்னும் நான்கைந்து மணி நேரம். மாலையில் அனுப்பிய கோப்பு மறுநாள் காலையில் வந்துவிட்டது. நான்கு பேர் பிரித்துக்கொண்டு செய்தால் இது முடியும்தான். ஆனால் நான்கு பேர் செய்தால் நடை மாறும்: ஒருவர் "சொன்னாரு" என்று எழுதுவார், இன்னொருவர் "சொன்னார்" என்று எழுதுவார், எண்களை ஒருவர் எழுத்தில் எழுதுவார், ஒருவர் இலக்கத்தில். இங்கே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மாதிரி இருந்தது.

இரண்டாவது அடையாளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 3 மணி நேரக் கோப்பில் "கேட்கவில்லை" என்ற குறிப்பு ஓர் இடத்தில்கூட இல்லை. மனிதர் கேட்டு எழுதினால் கட்டாயம் எங்காவது தடுமாறுவார். ஊர்ப் பெயர் புரியாது, ஒருவர் இருமுவார், நாற்காலி நகரும். அங்கே [தெளிவில்லை 00:41:10] என்று நேரத்தோடு குறித்துவிட்டு மேலே போவார். மென்பொருளுக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எழுத்தில் காட்டாது. ஏதோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடும். குறையே இல்லாத கோப்பைப் பார்த்து மகிழாதீர்கள். சந்தேகக் குறி இருக்கும் கோப்பையே நம்பலாம்.

மூன்றாவது, மௌனம். பதிவில் 41ஆம் நிமிடத்தை ஒட்டி ஒருவர் எழுந்து போய்த் திரும்பி வரும் ஒன்றரை நிமிட இடைவெளி உண்டு. யாரும் பேசவில்லை. கோப்பிலோ அந்த இடத்தில் ஒரே வாக்கியம் 11 முறை அடுத்தடுத்து நின்றது. இது 'விஸ்பர்' போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்ட அந்த மென்பொருள், ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்து, முன்னால் எழுதியதையும் பார்த்துக்கொண்டு அடுத்த சொல்லைக் கணித்து எழுதும். பேச்சே இல்லாத துண்டு வந்தாலும் கணிப்பது நிற்காது. எழுதியதையே திரும்ப எழுதும், இல்லாவிட்டால் யாரும் சொல்லாத ஒரு நன்றியுரையைச் சேர்க்கும். மனிதக் கையில் இந்தப் பிழை வரவே வராது.

இவை கண்ணில் படும் பிழைகள், ஆகவே ஆபத்தும் குறைவு. உண்மையான கேடு படிக்கும்போது சரியாகத் தோன்றும் வரிகளில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் "வேணும்", "வேணாம்" இரண்டுக்கும் நடுவே ஒரு நெடில்தான் வேறுபாடு. "முடியும்", "முடியாது" இரண்டிலும் கடைசி அசை விழுங்கப்பட்டால் எதைச் சொன்னார் என்பதே போய்விடும். எங்கள் கோப்பில் "கையெழுத்து வேணாம்னுதான் சொன்னேன்" என்ற வரி "கையெழுத்து வேணும்னுதான் சொன்னேன்" என்று வந்திருந்தது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, பொருள் மட்டும் தலைகீழ். எண்களும் அப்படியே: எழுபதும் எண்பதும் மாறும், ஐந்நூறு ஐயாயிரமாகும். மெய்ப்புப் பார்ப்பவர் ஒலியைக் கேட்காமல் எழுத்தை மட்டும் படித்தால் இவற்றில் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. அதனால் எதிர்மறைச் சொற்கள், எண்கள், பெயர்கள் மூன்றையும் தனியே தேடி, ஒவ்வொன்றையும் ஒலியோடு ஒப்பிடுங்கள். வேர்டில் கன்ட்ரோல் எஃப் அழுத்தி "இல்ல", "வேண", "முடிய", "மாட்ட" என்று சொல்லின் முன்பகுதியை மட்டும் இட்டுத் தேடினால் எல்லா வடிவங்களும் சிக்கும்.

இனி கூலிக் கணக்கு. சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டது எங்கள் பக்கத் தவறு. வேர்டு, இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணும். "போய்க்கொண்டிருந்தார்கள்" ஒரு சொல். அதையே "போய் கொண்டு இருந்தார்கள்" என்று உடைத்தால் மூன்று. "சொல்லிவிட்டேன்" ஒன்று, "சொல்லி விட்டேன்" இரண்டு. தமிழில் இப்படிப் பிரிக்க முடியாத வாக்கியமே இல்லை எனலாம், ஆகவே சொல் கணக்கு நம் மொழிக்குப் பொருந்தாத அளவுகோல். போதாததற்கு ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் "பேச்சாளர் 1 00:14:32" என்று நின்றது. அது மூன்று சொல்லாகக் கணக்கில் ஏறும். 900 தடவை பேச்சு மாறினால் 2,700 சொல், ஒருவரும் பேசாதது. பக்கக் கணக்கு இதைவிட மோசம். எழுத்தளவு, வரி இடைவெளி, ஓரம் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினால் பக்கம் எளிதாக இரட்டிக்கும். ஒலியின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அதை யாராலும் ஊதிப் பெரிதாக்க முடியாது. நீண்ட மௌனம் கணக்கில் சேருமா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிட்டால் போதும்.

சந்தேகத்தை நிரூபிப்பது எப்படி? அதே ஒலியிலிருந்து 15 நிமிடம் வெட்டி, நீங்களே மென்பொருளில் ஓட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் இணைய வேர்டில் ஹோம் தாவலில் டிக்டேட் பொத்தானின் அம்புக்குறியை அழுத்தினால் 'டிரான்ஸ்கிரைப்' வரும். எம்பி3, எம்4ஏ, எம்பி4, வேவ் கோப்புகளை அது ஏற்கும். சந்தா இல்லாதவர்கள் விஸ்பரைக் கணினியில் நிறுவி ஓட்டலாம், கட்டணம் இல்லை. எதில் ஓட்டினாலும் மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். விஸ்பர் முதல் 30 விநாடியை மட்டும் கேட்டு மொழியை முடிவுசெய்யும். தொடக்கத்தில் இசையோ ஆங்கில வணக்கமோ இருந்தால் தமிழ்ப் பேச்சு முழுவதும் வேறு மொழியாகப் போகலாம்.

கிடைத்த எழுத்தை ஒரு கோப்பாகவும், அவர்கள் தந்ததில் அதே 15 நிமிடப் பகுதியை இன்னொரு கோப்பாகவும் சேமியுங்கள். கணினியில் நிறுவிய வேர்டைத் திறந்து, ரிவ்யூ தாவலில் 'கம்பேர்' அழுத்தி, இரண்டையும் கொடுங்கள். வேறுபடும் இடங்கள் மட்டும் நிறத்தில் வரும். நிறமே இல்லாத பகுதிகளைப் பாருங்கள். சரியான வாக்கியம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. தவறான வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், அது ஆள் கேட்டு எழுதியது அல்ல. எங்களுக்கு வந்ததில் "வேணாம்" பிழை உட்பட பத்துக்கும் மேற்பட்ட பிழைகள் அச்சாக ஒத்துப்போயின. அவர்கள் வேறு மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால் ஒப்பீடு இவ்வளவு தெளிவாக வராது. அப்போது இன்னொன்றில் ஓட்டிப் பாருங்கள்.

கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சை இயக்கி, பக்கத்தில் ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிட்டு எடுக்கும் முறையும் நடக்கிறது. அந்த வசதி மைக்கில் வருவதை மட்டுமே கேட்கும், ஒலிக்கோப்பை நேரடியாக ஏற்காது. வேறு தாவலுக்குப் போனால் கேட்பது நின்றுவிடும், பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி எடுத்த கோப்பில் நிறுத்தக்குறிகள் இருக்காது, நடுவில் பத்தி பத்தியாகப் பேச்சு காணாமல் போயிருக்கும், யார் பேசினார்கள் என்ற பிரிப்பும் இராது. நேர்காணலில் கேள்வி முடியுமுன் பதில் ஒட்டிக்கொண்டு வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

வேர்டில் ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் 'மொத்தத் திருத்த நேரம்' தெரியும். எங்கள் கோப்பில் அது 9 நிமிடம். ஆனால் இதை மட்டும் சாட்சியாக நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். வேறு இடத்தில் டைப் செய்து இங்கே ஒட்டினாலும் அந்த எண் சிறிதாகவே இருக்கும்.

பிழையின் அளவை நீங்களே கணக்கிடலாம். கோப்பைத் திறக்குமுன்பே 10 நேரங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல் டி (T) அழுத்தி அந்த நேரத்துக்குத் தாவி, ஒவ்வொன்றிலும் 1 நிமிடம் கேளுங்கள். மாறிய சொல், விட்டுப்போன சொல், இல்லாமலே சேர்ந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பிழை வீதம். எங்களுடையது: பேசியவை 860 சொல்; மாறியவை 96, விட்டவை 31, சேர்ந்தவை 16. மொத்தம் 143, அதாவது 100க்கு ஏறக்குறைய 17. 99 என்று வாக்களித்தவர்கள் தந்தது 83. நியாயமாகச் சொன்னால், "சொன்னாரு" என்பதைச் "சொன்னார்" என்று எழுதியதை நாங்கள் பிழையாக எண்ணவில்லை. பேசியபடியே வேண்டுமா, தடுமாற்றங்களை நீக்கியது போதுமா, எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டுமா என்பதை வேலை கொடுக்கும்போதே ஒரு மாதிரி வரியோடு எழுதிக்கொடுக்க வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை.

பதிவின் தரத்தைக் காரணம் காட்டினார்கள். பழைய தொலைபேசித் தடத்தில் வந்த பேச்சென்றால் அது சரியான காரணம். அதில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரைதான் ஒலி கடக்கும், 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுவிடும். எங்களுடையது மேசைமேல் வைத்த மைக்கில் எடுத்த வேவ் கோப்பு, அந்தக் காரணம் இதற்குப் பொருந்தாது.

எழுத்துரு விஷயத்தில் தப்பித்தோம், கோப்பு எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில்தான் வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தருபவர்கள் இன்னமும் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், தமிழில் தேடவும் முடியாது. யூனிகோட், வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பிடிஎஃப் மட்டும் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் கம்பேர் வசதியாக ஓடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும், எங்களுக்கு அதுதான் பெரிய வருத்தம்: ஒலியை எங்கே ஏற்றினார்கள்? பேசியவர் எங்களை நம்பிப் பேசினார். ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் அவர் குரல் இப்போது கிடக்கலாம். எந்த மென்பொருள், சொந்தக் கணினியிலா இணையத்திலா, வேலை முடிந்ததும் அழிப்பார்களா என்பதைக் கோப்பு அனுப்புமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாதிரி வேலை கேட்டால் முதல் 5 நிமிடத்தைக் கொடுக்காமல், இருவரும் சேர்ந்து பேசும் நடுப்பகுதி 5 நிமிடத்தை நீங்களே தேர்ந்து கொடுங்கள்.

ஒப்பீட்டுக் கோப்பை அனுப்பிய பிறகு "மென்பொருள் உதவி எடுத்தோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். திருத்தித் தர மேலும் பணம் கேட்டார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. மீதியை நாங்கள் கொடுக்கவில்லை. வந்த கோப்பில் ஒரு எழுத்தும் மாற்றாமல், மின்னஞ்சல்களோடும் கம்பேர் முடிவோடும் தனியே வைத்திருக்கிறோம். நேர்காணலை இப்போது 0.7 வேகத்தில் ஓடவிட்டு முதலிலிருந்து கையால் டைப் செய்துகொண்டிருக்கிறோம். இவ்வளவு பிழையுள்ள எழுத்தைத் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடிகிறது.