கதிர் பொறுக்கும் பெண்கள்: மிலேவா, ப்ரெத்தோனா?

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஒரே வேலையைக் காட்டும் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. அறுப்பு முடிந்த கோதுமை வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் ஏழைப் பெண்கள். ஒன்று 1857இல் பிரெஞ்சு ஓவியர் மிலே வரைந்தது, மற்றது 1859இல் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஜூல் ப்ரெத்தோன் வரைந்தது. என் ஓட்டு மிலேவுக்குத்தான், ஆனால் ப்ரெத்தோன் வெறும் அழகு காட்டுகிறவர் என்று ஒதுக்குவதை ஏற்கமாட்டேன்.

மிலேவிடம் மூன்றே பேர். இருவர் நன்றாகக் குனிந்து பொறுக்குகிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகம் சரியாகத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, ஏனென்றால் நாளெல்லாம் இப்படிக் குனிந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பதை அந்த முதுகுகளே சொல்லிவிடுகின்றன. தூரத்தில் போர் போராக விளைச்சல், வண்டி, குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். இவர்கள் கையிலோ ஒரு பிடி. பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் இதைப் பார்த்துச் சிலர் மிரண்டே போனார்கள். அடிவானத்தில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து, 1793இன் கொலைமேடைகள் தெரிவதாக ஒரு விமர்சகர் எழுதினார். சரி, பிரான்சில் மறுபடி வெடித்த 1848 புரட்சி முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத நேரம், பயம் இருக்கத்தானே செய்யும்!

ப்ரெத்தோன் அதே பெண்களை வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் பிடிக்கிறார். சூரியன் இறங்கிவிட்டது, வானில் பிறை. வெறுங்கால், கிழிசல் துணி, ஆனாலும் நடுவில் வருகிறவள் கோயில் தூண் சிலைபோல நிமிர்ந்து வருகிறாள். அப்போதைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அரண்மனைக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அந்தக் கம்பீரம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

அப்புறம் இடது ஓரத்தைப் பாருங்கள். எல்லைக்கல்லில் சாய்ந்தபடி, வாயருகே கை வைத்து வயல் காவல்காரர் கூப்பிடுகிறார். பொழுது சாய்ந்தபின் பொறுக்கக் கூடாது என்பது சட்டம். மிலேவிடம் அதிகாரம் குதிரைமேல் ஒரு புள்ளியாகத் தூரத்தில் நிற்கிறது, இங்கே பக்கத்திலேயே நின்று சத்தம் போடுகிறது. இந்த ஓர் இடத்தில் ப்ரெத்தோன்தான் கறார்.

வயலை அறிந்தவர் யார் என்று கேட்டால் தீர்ப்பு சொல்ல முடியாது. மிலே நார்மண்டி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ப்ரெத்தோன் வரைந்தது வட பிரான்சிலுள்ள சொந்த ஊரான கூரியேரை. ஓவியர் வான்கோவுக்கு இருவரையும் பிடிக்கும், ப்ரெத்தோனின் பட்டறையைப் பார்க்க கூரியேருக்கு நடந்தே போயிருக்கிறார். ஆனால் 1889இல் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது அவர் வரிசையாக நகலெடுத்தது மிலேவின் வயல்வேலைப் படங்களை.