பாஸ்புக் அவள் பெயரில், போன் நம்பர் யார் பெயரில்?

இந்த முறை ஊருக்குப் போனதில் கோயில் குளத்தை விட அதிகம் பார்த்தது ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். தம்பி மனைவிக்கு இரண்டாவது குழந்தை, ஏழாம் மாதம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள் என்பதால் நானும் துணைக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. செக்கப்புக்குப் போக வீட்டில் கையேந்த வேண்டியதில்லை என்பதை அவளே இரண்டு தடவை சொன்னாள்.

உட்கார நாற்காலி போதவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. ஆனால் வேலை நடந்தது. எடை, பிரஷர், குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துச் சர்க்கரைப் பரிசோதனை, ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து ஊசி, எல்லாமே இலவசம். நான் இருக்கும் ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிறகு மருத்துவச்சி வீடு தேடி வருவார். இங்கே கிராம சுகாதார செவிலியர் கர்ப்பம் தெரிந்ததிலிருந்தே போன் போட்டு விரட்டுகிறார்.

தமிழக அரசின் மகப்பேறு உதவியான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதிக்கு 2 ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் அவள் கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் கார்டு மட்டும் தம்பியின் பர்ஸில், வங்கிக் குறுஞ்செய்தி தம்பியின் போனில். பெட்டகத்துப் பேரீச்சம்பழத்தை வீடே தின்று தீர்த்தது.

பிரசவம் எங்கே என்பதில்தான் மல்லுக்கட்டு. மூத்தவள் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். "இதுவும் அங்கேயே ஆகட்டும் அண்ணி, எங்கம்மாவைக் கூட இருக்க விடுவாங்க" என்கிறாள். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம். மாமியாருக்கோ தனியார்தான் கௌரவம். அந்த மாமியார் என் அம்மா!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைத் தம்பியிடம் காட்டினேன். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில்தான். சிசேரியன் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. "அம்மாகிட்ட பேசுக்கா" என்று நழுவிவிட்டான். பெற்றுக்கொள்ளப் போகிறவளிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

கிளம்புமுன் அவளை வங்கிக்கு அழைத்துப்போய்க் கணக்கில் அவள் போன் நம்பரைச் சேர்த்தோம். கார்டும் கைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயத்தில் அம்மா இன்னும் இறங்கிவரவில்லை, வாராவாரம் போனில் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.