கோடா, மூன்று புள்ளியா?

சாட்சியின் பேச்சு பாதியில் நின்றால் நீதிமன்ற எழுத்துப்படியில் என்ன போடுவது? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யப் பழகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்கிறார் என்று வையுங்கள். "கிராணி சம்பளச் சீட்டை நீட்டினார், நான் கையெழுத்து --" என்றதும் வழக்கறிஞர் குறுக்கிடுகிறார் (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்). இங்கே கோடுதான். அவராக நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டார் என்பதை அது காட்டிவிடும். அதே இடத்தில் "கையெழுத்து..." என்று எழுதினால், அவரே தயங்கிச் சொல்லை விழுங்கியதுபோல் ஆகிவிடும். கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பதே வழக்கு என்றால், இல்லாத தயக்கத்தை அவர் தலையில் கட்டுவது பெரிய அநியாயம்.

புள்ளிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேற்கோளில் சில சொற்களை விட்டுவிட்டோம் என்பதற்கும் அதுவே அடையாளம். மேல்முறையீட்டில் படிப்பவர், எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அமெரிக்க நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்கள் பலர் இதனாலேயே புள்ளிகளைத் தவிர்த்து இரட்டைக் கோடு போடுகிறார்கள்.

சரி, யாரும் குறுக்கிடாமல் குரல் தானாகத் தேய்ந்து நின்றால்? அப்போது மட்டும் புள்ளிகளுக்கு இடம் கொடுப்பேன். அதுவும் பதிவை இரண்டு முறை கேட்ட பிறகு.