ஊர் மாறிக்கொண்டே நர்சிங் படிக்கிறவர்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் அனாட்டமி புத்தகம்

இங்கே அமெரிக்க ராணுவ பேஸுக்கு, அதாவது ராணுவ முகாமுக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பெண்களில் யாராவது நர்சிங் படிக்க ஆசைப்பட்டால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, அனாட்டமிக்கு எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்பதுதான். எதையும் வாங்காதீர்கள், முதலில் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசப் பாடநூல் திட்டம்தான் ஓப்பன்ஸ்டாக்ஸ். அவர்களுடைய 'அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி' 2013-இல் முதலில் வந்தது, இரண்டாம் பதிப்பு 2022-இல். மொத்தம் 28 அத்தியாயங்கள். இணையத்தில் படிக்கலாம், பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள்ளலாம், இரண்டுக்கும் காசு கிடையாது. அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் மட்டும்தான் பணம்.

என் வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். நாங்கள் முதலில் டெக்சஸில், எல் பாசோ பக்கத்து ஃபோர்ட் பிளிஸ்ஸில் இருந்தோம். அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் அனாட்டமி முதல் பாகம் முடித்த கையோடு, வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் லூயிஸ்-மெக்கார்டுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. இரண்டாம் பாகத்தை அங்கேதான் படிக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல கல்லூரிகள் இந்தப் பாடத்தை இரண்டு பாகமாகப் பிரிக்கின்றன. எந்த இடத்தில் பிரிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. எனக்கு முதல் பாகம் மூளை, தண்டுவடத்தோடு முடிந்துவிட்டது. கண், காது போன்ற புலன்களும் ஹார்மோன்களும் அடுத்த செமஸ்டரில் வரும் என்றார்கள். புதுக் கல்லூரியிலோ அவற்றையெல்லாம் முதல் பாகத்திலேயே நடத்தி முடித்து, இரண்டாம் பாகத்தை நேராக ரத்தத்திலிருந்து தொடங்கினார்கள். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், என் கிரெடிட் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பெரிய துண்டு பாடம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

ஹார்மோனைத் தாண்டிக் குதித்துவிட்டுச் சிறுநீரகத்தைப் படிக்கவே முடியாது. உடம்பில் நீர் குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏடிஎச் என்ற ஹார்மோன் வருகிறது, அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் நீரைத் திரும்ப உறிஞ்ச வைக்கிறது; அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டெரோன் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. இது தெரியாமல் உட்கார்ந்தால் சிறுநீரக வகுப்பு முழுக்க வெறும் மனப்பாடமாகிவிடும். ஓப்பன்ஸ்டாக்ஸில் புலன்கள் 14-ஆவது அத்தியாயம், ஹார்மோன்கள் 17, ரத்தம் 18. ஆகவே என் விட்டுப்போன பாடம் எது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 14-இலிருந்து 17 வரை வகுப்பு தொடங்கும் முன்பே படித்து முடித்தேன். பாதி, புது ஊருக்குக் காரில் போகும்போது. யூட்டாவில் பல இடங்களில் போனில் சிக்னலே இல்லை. பிடிஎஃப் இறக்கி வைத்திருந்ததால் தடைப்படவில்லை.

எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத புத்தகம் ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன். முதல் கல்லூரியில் காசு கொடுத்து வாங்கச் சொன்ன பாடநூல் ஆன்லைன் கோட் வழியாக மட்டும் திறக்கும் ரகம். செமஸ்டர் முடிந்ததும் கோட் காலாவதி. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்த குறிப்புகளும் அதோடு போயின. அடுத்த ஊரில் வேறு பதிப்பகம், வேறு கோட், மறுபடியும் பணம். பணம்கூடப் பரவாயில்லை, அந்தக் குறிப்புகள் போனதில்தான் எனக்கு இன்றும் கோபம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழ்நிலை, நடுநிலைப் பதவிகளில் இருப்பவர்களின் மனைவி அல்லது கணவருக்கு ராணுவத்தின் மைக்கா திட்டம் மொத்தம் 4,000 டாலர் வரை தருகிறது, ஆண்டுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு. அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்), லைசென்ஸ், சான்றிதழ் படிப்புகளுக்குத்தான். பிஎஸ்என் போன்ற நான்கு வருடப் பட்டத்துக்குக் கிடையாது. வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும். புத்தகச் செலவு கல்விக் கட்டணத்துக்குள் அடங்கியிருந்தால் ஒழிய அதில் வராது. அதனால் இலவசப் பாடநூல் என்பது நமக்கு நேரடியான மிச்சம். அரசுக் கல்லூரியென்றால் இன்னொரு சலுகையும் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவத்தார் பணிபுரியும் மாநிலத்தில் குடும்பத்துக்கும் அந்த மாநிலத்தவருக்கான கட்டணம்தான். இடையில் மாற்றல் வந்தாலும் படிப்பை விடாமல் தொடரும்வரை அந்தக் கட்டணம் மாறாது. கட்டண அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். இதன் ஆங்கிலம் எனக்கு எங்கேயும் கஷ்டமாக இல்லை. 10-ஆவது அத்தியாயம், தசை, இதற்கு நல்ல உதாரணம். கால்சியம் வந்து தசையில் இருக்கும் டிரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டுகிறது, ஆக்டின் இழையில் மறைந்திருந்த இடம் திறக்கிறது, பக்கத்து மயோசின் இழையின் தலை அதைப் பிடித்து இழுக்கிறது. இதுவரை எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதுதான். பிடித்த பிடியை விடுவதற்கும் ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, வேண்டும் என்று சொல்லி, அதற்குப் பக்கத்திலேயே இறந்தவர் உடல் ஏன் விறைத்துப்போகிறது என்று விளக்குகிறார்கள் பாருங்கள், அங்கே எனக்குப் பாடம் முழுதாகப் புரிந்துவிட்டது. உயிர் போனபின் ஏடிபி உண்டாகாது, மயோசின் பிடியை விட வழியில்லை, தசை அப்படியே இறுகிவிடுகிறது. ஊரில் சாவு வீட்டில் கை கால்களை நேராக்கிக் கட்டி, தாடையையும் கட்டிவிட்டுத்தான் பெரியவர்கள் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். அந்த அவசரத்துக்கான காரணம் இதில் இருந்தது. இதயத்திலும் அப்படித்தான்: மின்தூண்டல் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் ஏவி முடிச்சில் ஏறத்தாழ 100 மில்லி விநாடி தாமதிக்கிறது என்று எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், மேலறைகள் சுருங்கி முடித்து ரத்தத்தைக் கீழே தள்ள அந்த அவகாசம் தேவை என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 16-ஆவது அத்தியாயம். நரம்பு மண்டலத்தைப் பற்றி நான்கு அத்தியாயங்கள் படித்தபின், அந்த அறிவை வைத்து ஒரு நோயாளியை எப்படிச் சோதிப்பது என்பதற்காகவே ஓர் அத்தியாயம். மனநிலை, மூளை நரம்புகள், உணர்வு, தசை இயக்கம், நடையும் ஒருங்கிணைப்பும் என்று வரிசையாகப் போகிறது. வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரை பூட்ஸ்கூடக் கழற்ற விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தேன். "தலையை அசைக்காம என் விரலை மட்டும் பாருங்க" என்றேன். அது கண்ணை அசைக்கும் மூன்று, நான்கு, ஆறாவது மூளை நரம்புகளுக்கு. கன்னத்தை உப்பச் சொன்னேன், ஏழாவது. இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தி, "இப்ப தோளைத் தூக்குங்க" என்றேன், பதினோராவது. ரக்சாக் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். என் கையைச் சேர்த்துத் தூக்கிவிட்டார். பன்னிரண்டு நரம்புகளும் அன்றைக்கு மனதில் பதிந்தவைதான், பரீட்சையில் ஒன்றுகூடத் தவறவில்லை. நர்ஸாக நிற்கப்போகிறவளுக்கு இப்படி ஓர் அத்தியாயம் தொடக்கத்திலேயே கிடைப்பது பெரிய கொடுப்பினை.

எலும்புகளுக்கு மட்டும் இதை நம்பி இருந்துவிடாதீர்கள். லேப் தேர்வில் ஒரு தொடை எலும்பை மேசையில் வைத்து, ஒரு மேட்டில் நூலைக் கட்டி, இது என்ன, இடதா வலதா என்று கேட்பார்கள். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பழகினால்தான் வரும். எந்தப் புத்தகமும் அதைத் தர முடியாது. கல்லூரி லேப் திறந்திருக்கும் நேரத்தில் போய் உட்காருங்கள். திசுக்களின் நுண்ணோக்கிப் படங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி கொடுத்தவை, அருமையாக இருக்கின்றன. ஆனால் எனக்கு எண்ணிக்கை போதவில்லை, கூடுதலாகத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. போன் திரையில் ரத்தக்குழாய்ப் படங்கள் கண்ணை வருத்தும். டேப்லெட்டோ லேப்டாப்போ இருந்தால் நல்லது.

அச்சுப் பிரதி வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். சார்ஜென்ட் குடும்பத்துக்கு ராணுவம் 9,000 பவுண்டு எடை வரை சாமான் ஏற்றிக் கொடுக்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரும் புத்தகத்தை நான் அதில் சேர்க்கவில்லை. 17, 19, 25, 26 ஆகிய அத்தியாயங்களை மட்டும் பேஸ் நூலகத்தில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். ஹார்மோன், இதயம், சிறுநீரகம், உப்பு-நீர்ச் சமநிலை. திரும்பத் திரும்பப் புரட்டுவது இவற்றைத்தான். நர்சிங் படிப்பில் சேர எழுதும் டீஸ் நுழைவுத் தேர்வின் அறிவியல் பகுதியிலும் உடற்கூறு, உடலியங்கியல் கேள்விகள்தான் அதிகம், அதற்கும் இவையே போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சேரும்போதே கல்லூரியிடம் பாடத்திட்டத்தை வாங்கி, எந்த வாரம் எந்தப் பாடம் என்று தெரியும்படி மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். சில கல்லூரிகள் இரண்டு பாகத்தையும் ஒரே இடத்தில் முடித்திருந்தால்தான் ஏற்கும், பல இடங்களில் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழைய அறிவியல் பாடங்கள் செல்லாது. அடுத்து எனக்கு மைக்ரோபயாலஜி. ஓப்பன்ஸ்டாக்ஸிலேயே 2016-இலிருந்து அதற்கும் புத்தகம் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். அதைப் பற்றி லேப் முடிந்தபின் எழுதுகிறேன்.