ஸ்கல்ப்ட்டுக்கு கேவிட்டி, ஏஓ மேப்: எதை எதில் எடுப்பது?

ஸீபிரஷ் என்ற முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் ஒரு கிழவரின் தலையைச் செதுக்கி முடித்தாயிற்று, குறைந்த பாலிகன்கள் கொண்ட லோ-பாலி மாடலும், அதன் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த யூவியும் தயார் என்று வைத்துக்கொள்வோம். இனி மாடலின் மேல் ஒட்டும் இரண்டு படங்கள் வேண்டும்: சிறு பள்ளங்களைக் காட்டும் கேவிட்டி மேப், சுற்றுப்புற ஒளி எளிதில் எட்டாத இடங்களைக் காட்டும் ஆம்பியன்ட் அக்லூஷன் (ஏஓ) மேப். இரண்டையும் ஒரே மென்பொருளில் எடுத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். அவசியமே இல்லை, ஏனென்றால் இரண்டின் கணக்கும் வேறு. கேவிட்டிக்கு, ஒரு புள்ளி தன் அக்கம்பக்கத்தைவிடப் பள்ளமா என்று தெரிந்தால் போதும். தோல்துளையும் சுருக்கமும் வந்துவிடும். ஏஓவுக்கு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பல திசைகளில் கதிர் விட்டு, எத்தனை தடுக்கப்படுகின்றன என்று எண்ண வேண்டும். தாடைக்கு அடியும் காதுக்குப் பின்புறமும் அப்படித்தான் இருள்கின்றன.

கேவிட்டிக்கு என் முதல் ஓட்டு ஸீபிரஷ்ஷுக்கு. 'மாஸ்க் பை கேவிட்டி' கொடுத்தால் பலன் மாடலின் மேலேயே தெரியும். கேஜ் (கதிர்கள் கிளம்பும், மாடலைச் சுற்றிய உறை) தொல்லை, கதிர் தவறுகிற தொல்லை எதுவும் கிடையாது. ஆனால் மாஸ்க் உட்காருவது வெர்டெக்ஸில், அதாவது மாடலின் மூலைப்புள்ளிகளில். 4கே மேப்பில் 1 கோடியே 67 லட்சம் பிக்சல்கள். தலையில் 20 லட்சம் புள்ளிகள்தான் என்றால் மேப் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். அப்போது நார்மல் மேப்பிலிருந்தே (மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிக்சல்தோறும் சொல்லும் படம்) கேவிட்டி எடுக்கும் எக்ஸ்நார்மல் மென்பொருளின் வழி மேல். பிக்சல் கணக்கில் வேலை நடப்பதால், நார்மல் மேப்பில் பிறகு சேர்த்த நுணுக்கமும் கிடைக்கும். யூவி ஓரங்களில் மட்டும் கோடு விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏஓவை ஸீபிரஷ்ஷிலும் எடுக்கலாம், ஆனால் பல லட்சம் பாலிகன் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். இங்கே மார்மோசெட் டூல்பேக்தான் எனக்குப் பிடித்தது. 2016-இல் மூன்றாம் பதிப்போடு வந்த அதன் பேக்கரில் (ஸ்கல்ப்ட்டின் நுணுக்கத்தை லோ-பாலிக்கான மேப்பாக எடுக்கும் கருவி), கதிர் தவறும் இடத்தில் பிரஷ்ஷால் தடவியே கேஜைத் தள்ளலாம். மாற்றம் உடனே தெரியும். விழியையும் இமையையும் தனித்தனி குழுவாகப் பிரித்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றில் ஒட்டாது. வாயைத் திறந்த நிலையில் பேக் செய்வதும் நல்லது, இல்லாவிட்டால் பாத்திரம் பேசும்போது உதட்டின் உட்புறம் கரி பூசியதுபோல் தெரியும்.

மாடலுக்கு வண்ணம் தீட்டும் சப்ஸ்டன்ஸ் பெயின்டருக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்களா? ஏஓவுக்காக டூல்பேக் வாங்க வேண்டாம். பாகங்களின் பெயர் முடிவில் லோ, ஹை என்று ஒழுங்காக இருந்தால் அதன் பேக்கரே பிரித்துக்கொள்ளும். இலவசம்தான் வேண்டும் என்றால் விண்டோஸில் எக்ஸ்நார்மல். பல வருடங்களாகப் புதுப் பதிப்பு இல்லை, ஆனாலும் வேலை செய்கிறது. மற்றவர்களுக்கு, இன்னொரு இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர். அதில் கேவிட்டிக்குத் தனி பேக் கிடையாது. பாயின்டினெஸ் என்ற, மேடுபள்ளத்தைச் சொல்லும் அளவை வைத்துச் சமாளிக்கலாம், அதுவும் வெர்டெக்ஸ் கணக்குதான்.

எதில் எடுத்தாலும் ஏஓவை பேஸ் கலரில் (மாடலின் அடிப்படை நிறம்) பெருக்கிவிடாதீர்கள். அது மங்க வைக்க வேண்டியது சுற்றுப்புற ஒளியை மட்டும். நிறத்தில் கலந்துவிட்டால் நேராக டார்ச் அடித்தாலும் அந்த இடம் இருட்டாகவே நிற்கும். அன்ரியல் கேம் எஞ்சினுக்கு என்றால் வழக்கம்போல் ஒரே படத்தின் சிவப்புச் சேனலில் ஏஓ, பச்சையில் ரஃப்னெஸ் (சொரசொரப்பு), நீலத்தில் மெட்டாலிக் (உலோகத்தன்மை). கேவிட்டியை ரஃப்னெஸ்ஸில் லேசாகக் கலந்தால் தோல்துளைக்குள் இருக்கும் பொய் மினுமினுப்பு அடங்கும்.