அம்பத்தூரில் ஃபிளாட் பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

ஒரு ஃபிளாட்டுக்கு நான் கொடுத்த அட்வான்ஸ் எட்டு லட்சம் ரூபாய். அதைத் திருப்பிக் கேட்டு நேற்று நான்காவது முறையாக அந்த பில்டர் அலுவலகத்துக்குப் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். அப்பா டன்லப் டயர் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். ஆலைச் சங்கு கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். 1964-ல் வந்த தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் இருந்த இடத்திலெல்லாம் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. இருந்தாலும் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தேடினேன்.

வீடு விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். ஏரியைப் பார்த்த ஃபிளாட், 62 லட்சம். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் நான்காவது மாடி பால்கனியில் நிறுத்தினார். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்க மாமாவும் டன்லப்தான் அக்கா. நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு, உங்களை ஏமாத்துவேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளே நகையை அடகு வைத்து, சேமிப்பையும் சேர்த்து எட்டு லட்சத்தைக் கொடுத்தேன். கைக்கு வந்தது லெட்டர்பேடில் ஒரு ரசீது.

வங்கியில் கடன் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தும் தூண் தளம்) மூன்று மாடியும்தான். நான் வாங்கவிருந்த நான்காவது மாடி அதில் இல்லவே இல்லை! கடன் கிடையாது என்றுவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வேற பேங்க் பார்க்கலாம் மேடம்" என்கிறார் புரோக்கர். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அப்புறம் போனே எடுப்பதில்லை. பில்டர் அலுவலகத்தில், "சார் சைட்டுக்குப் போயிருக்கார்", "அடுத்த பார்ட்டி வந்ததும் செட்டில் பண்றோம்". இணையதளத்தில் கேட்டால், விளம்பரம் போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று ஒரு வரி பதில். காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர்மா". என் எட்டு லட்சத்துக்கு யாருமே பொறுப்பில்லையா?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். அனுமதி வரைபடத்தை வாங்கி, உங்கள் மாடி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது, அதில் இந்த மாதிரி விஷயம் தெரியாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்று வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டம் சொல்கிறது. 62 லட்சத்துக்கு எட்டு லட்சம் அதைத் தாண்டிவிட்டது. எனக்கு அன்று தெரியாது. புரோக்கரிடமும் ரெரா பதிவு எண் கேளுங்கள்.

திங்கட்கிழமை ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த விளம்பரம் இன்று காலையும் இருந்தது. அதே பால்கனி, அதே ஏரி. விலை மட்டும் 64 லட்சம் ஆகியிருக்கிறது.