“அப்படியே மாட்டுங்க சார், லைட்டே பாத்துக்கும்”: ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள், குழல் விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறப்போகிறவர்கள், காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். விளக்கை மாட்டி ஒன்பது நாள்தான் ஆகிறது. புது வெளிச்சத்துக்குப் பவளத்தை எப்படிப் பழக்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் தொட்டி மூன்று வருடமாக டி5 குழல்களில் ஓடியது. குழல்கள் மங்கிவிட்டன. மீன் தொட்டிச் சாமான் மட்டும் விற்கிற ஓர் இணையக் கடையில் எல்இடி விளக்கு பார்த்தேன். ‘பவளங்களைப் பழக்கும் வசதி’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெளிச்சம் 30 சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் தானாகவே ஏறுமாம். விலை என் ஒரு மாதச் சம்பளம். அந்த ஒரு வசதிக்காகத்தான் துணிந்தேன்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். விழுந்தது அங்கேதான். அந்த ஆள் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொட்டியின் படம் கேட்டார். ஆழம் எவ்வளவு, எந்தப் பவளம் எந்தக் கல்லில் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். “ஹேமரை அருமையா வளத்திருக்கீங்க சார்” என்றார். ஹேமர் என்பது நுனி சுத்தியல் மாதிரி இருக்கும் ஒரு பவளம். மூன்று வருடத்தில் என் வீட்டில்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிரவே பணம் அனுப்பினேன்.

விளக்கு வந்தது. செயலியைத் தலைகீழாகப் புரட்டியும் பழக்கும் வசதியைக் காணோம். கேட்டால், “அடுத்த அப்டேட்ல வந்துடும். இப்ப ஃபுல்லா போடுங்க சார், நீல லைட்தானே, கண்ணுக்கே மங்கலாத்தான இருக்கு?” எனக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. போட்டேன்.

நீலம் நம் கண்ணுக்குத்தான் மங்கல். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அதுதான் சாப்பாடு. திடீரென்று அளவு மீறினால் பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் உண்டாகும், பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். மிச்சமிருப்பது கண்ணாடி போன்ற சதையும் அதன் வழியே தெரியும் வெள்ளை எலும்பும். இரண்டாம் நாள் ஹேமர் விரியவில்லை. நாலாம் நாள் மாண்டிபோரா என்கிற இன்னொரு பவளத்தின் மேல்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. நிழல்பட்ட அடிப்பக்கம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. தண்ணீர்க் கோளாறு என்றால் அடியும் வெளுத்திருக்க வேண்டாமா?

ஆறாம் நாள் நண்பரிடம் பார் (PAR) மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன், பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கிற கருவி அது. மேல்கல்லில் 420. பழைய குழல்களைத் திரும்ப மாட்டி அதே இடத்தில் அளந்தால் 130. ஒரே ராத்திரியில் மூன்று மடங்குக்கு மேல்!

கடைக்குப் படங்கள் அனுப்பினேன். “வாட்டர் டெஸ்ட் அனுப்புங்க” என்றார்கள், அனுப்பினேன். “பெட்டி பிரிச்ச வீடியோ இருக்கா?” அதுவும் அனுப்பினேன். “உயிருள்ளதுக்கு நாங்க பொறுப்பில்ல சார்.” சரி, பவளத்தை விடு, இல்லாத வசதியை இருக்கிறதாகச் சொல்லி விற்றதற்கு? இரண்டு நீல டிக், பதில் கிடையாது. ஹேமரைப் பாராட்டிய மனிதர் போனையே எடுப்பதில்லை. விளக்குக்கு ஒரு மாதச் சம்பளம், பவளங்களுக்கு அரை மாதம். ஒன்றரை மாதச் சம்பளம்! அந்த மூன்று வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். விளம்பரத்தில் இருக்கும் வசதியைச் செயலியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எந்தப் புது விளக்கானாலும் குறைத்து ஆரம்பித்து வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குறைக்க முடியாத விளக்கென்றால் கொசுவலையை நாலைந்து மடிப்பாகத் தொட்டிமேல் விரித்து, சில நாளுக்கு ஒரு மடிப்பாக எடுங்கள். கண்ணை நம்பாதீர்கள், மீட்டர் இரவலாவது வாங்குங்கள். பழைய குழலை எடுத்துவிட்டுப் புதுக்குழல் மாட்டினாலும் இதே அடி விழும், அது பலருக்குத் தெரியாது. வெளுத்ததை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சதை இருக்கும்வரை உயிர் இருக்கிறது.

என் தொட்டியில் இப்போது பழைய குழல்கள்தான் எரிகின்றன. ஹேமரில் இரண்டு தலை மட்டும் இன்று காலை விரல் நுனி அளவு நீட்டியிருந்தது. மாண்டிபோராவின் மேல்பக்கத்தில் பச்சைப்பாசி படரத் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் சதை செத்துவிட்டது.